செட்டிநாட்டு வெக்கையில் வளர்க்க எந்தப் போவா ஏற்றது?

பாம்பு வளர்க்கும் ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது நிறத்தை, அடுத்தது விலையை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இந்தப் போவாவை வாங்கலாமா?" என்று கேட்டால், அந்தப் படத்தில் இருப்பது அநேகமாகப் பச்சை மரப் போவாவாகவோ வானவில் போவாவாகவோதான் இருக்கிறது. இரண்டும் அழகில் குறைவில்லாதவை. இரண்டும் அமேசான் காட்டின் ஈரத்துக்குப் பழகியவை. இரண்டுமே நம் பக்கத்தில் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவருக்கு ஏற்றவை அல்ல. எந்தப் போவா அழகு என்று கேட்பதற்கு முன், சித்திரையிலும் வைகாசியிலும் நம் வீட்டில் எந்தப் போவாவால் சங்கடமில்லாமல் இருக்க முடியும் என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

போவா என்பது ஒரே பாம்பின் பெயர் அன்று. அது ஒரு குடும்பம். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் மட்டுமின்றி, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், பசிபிக் தீவுகள், ஆசியா எனப் பல நிலப்பகுதிகளில் அதன் உறுப்பினர்கள் வாழ்கின்றன. ஒரு முழம்கூட வளராதவையும் அவற்றில் உண்டு, இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்பவையும் உண்டு. எவற்றுக்கும் நஞ்சில்லை. இரையைப் பின்னோக்கி வளைந்த பற்களால் பற்றி, உடலால் சுற்றி இறுக்கிக் கொல்கின்றன. இரை மூச்சுத் திணறியே இறக்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. போவாவின் பிடியில் சிக்கிய எலியின் இரத்த ஓட்டம் சில நொடிகளிலேயே தடைப்பட்டுவிடுகிறது என்பதை 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மலைப்பாம்புகள் முட்டையிட்டு அடைகாப்பவை. போவாக்களோ, விதிவிலக்கான சில இனங்களைத் தவிர, குட்டி போடுபவை. வளர்ப்பவர் மறக்கக் கூடாத உண்மை இன்னொன்று உண்டு. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை; வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே நகர்ந்தே அதைச் சீராக வைத்துக்கொள்கிறது. ஆகவே, சூடான மூலை ஒன்றும் குளிர்ந்த மூலை ஒன்றும் இல்லாத தொட்டியில் அதற்குத் தன் உடலைக் காத்துக்கொள்ள வழியே இல்லை.

நம் மண்ணில் உள்ள போவா

போவாவைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க்காரர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம்ம செம்மண் காட்டிலேயே மண்ணுளிப் பாம்பு கிடக்கிறதே, அதையே எடுத்து வளர்த்தால் என்ன?" கேள்வி நியாயமானது. மண்ணுளிப் பாம்பும் போவா குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் எலி வளைகளைத் தேடித் திரிவதுதான். சாதுவானது, கையில் எடுத்தாலும் எளிதில் கடிக்காதது. ஆனால் அதை எடுத்து வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே தண்டனைக்கு உரியவை. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கும் இதுவே நிலை.

சட்டம் ஒருபுறம் இருக்க, இந்தப் பாம்புக்கு மனிதர்கள் செய்துவரும் கொடுமை தனியே சொல்லப்பட வேண்டியது. அதன் வால் கூராக முடியாமல், தலையைப் போலவே மழுங்கித் திரண்டிருக்கிறது. ஆபத்து வரும்போது தலையை உடல் சுருளுக்குள் ஒளித்துவிட்டு வாலை உயர்த்திக் காட்டும். கொத்தவோ கடிக்கவோ வரும் பகை, வாலைத் தலை என்று எண்ணி அங்கே தாக்கும். வயதான மண்ணுளிகளின் வால் நுனியில் பழைய தழும்புகள் காணப்படுவது இதனால்தான். உயிர் பிழைக்க அது கற்ற இந்த வித்தையை வைத்தே இருதலைப் பாம்பு, ஆறு மாதம் ஒரு தலை ஆறு மாதம் மறு தலை, நக்கினால் குஷ்டம் வரும், வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று கதைகள் கட்டப்பட்டன. அந்தக் கதைகளை நம்பி, எடை பார்த்து இலட்சக்கணக்கில் விலை பேசும் மோசடிக் கும்பல்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டாம் தலை இருப்பதாகக் காட்ட வாலில் வாயையும் கண்ணையும் போலக் கீறிவிடும் வழக்கமும் உண்டு. "மண்ணுளி இருக்கிறது, வேண்டுமா?" என்று யாரேனும் கேட்டால், அவர் பாம்பு விற்கவில்லை, உங்களைச் சிறைக்கு அனுப்பும் வழியை விற்கிறார் என்று கொள்ளுங்கள்.

இதன் நெருங்கிய உறவினம் ஒன்றும் நம் பகுதியில் உண்டு. சொரசொரப்பான செதில்களும் பழுப்புத் திட்டுகளும் கொண்ட அந்தக் குட்டையான மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்று எண்ணி அடித்துக் கொல்பவர் பலர். விரியனை மண்ணுளி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபடுபவரும் உண்டு. விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்தாற்போல் ஒழுங்காக ஓடும், தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும், சீற்றம் குக்கர் விசிலைப் போலப் பலமாகக் கேட்கும். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கும், தலைக்கும் கழுத்துக்கும் வேறுபாடு தெரியாது, வால் மிகக் குட்டையாக இருக்கும். இந்த வேறுபாடுகளைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அந்த அறிவை நம்பி எதையும் கையில் எடுக்காதீர்கள். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் 101 எண்ணில் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பதே முறை.

அப்படியானால் எதைத்தான் வளர்க்கலாம்? வெளிநாட்டு இனங்களை மட்டுமே, அதுவும் பதிவு செய்துகொண்டே வளர்க்கலாம். 2022ஆம் ஆண்டு திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வன உயிரின வணிகம் பற்றிய சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர் அதை அரசுக்குத் தெரிவித்துப் பதிவு பெற வேண்டும். போவா குடும்பம் முழுவதும் அந்த உடன்படிக்கையின் பட்டியல்களில் அடங்குகிறது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, விலங்கு கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்; அது குட்டி போட்டாலும், இறந்தாலும், பிறருக்குக் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே, பாம்பு எங்கிருந்து வந்தது, விற்பவர் அதைப் பதிவு செய்திருக்கிறாரா என்பதற்கான தாள்களைக் கையில் வாங்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. "பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்று சொல்பவரிடம் எவ்வளவு அருமையான பாம்பு இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு முறை நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெக்கைதான் முதல் கேள்வி

பாம்பு வளர்ப்பு பற்றிய நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர் நாட்டவர் தயாரித்தவை. அவர்களுக்கு வீடு எப்போதும் குளிர்ந்து கிடக்கிறது. ஆகவே எப்படிச் சூடாக்குவது என்பதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்கிறார்கள். நமக்கோ நிலைமை நேர் எதிரானது. கத்திரி வெயில் நாட்களில் வெளியே 38, 39 டிகிரி அடிக்கும் ஊரில், ஒரு தொட்டியின் சூடான மூலையை 32 டிகிரியில் வைப்பது ஒரு வேலையே அன்று. குளிர்ந்த மூலையை 27 டிகிரியில் நிறுத்துவதுதான் வேலை. பெரும்பாலான போவாக்கள் 35 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் தப்பிக்க வழியின்றி நெடுநேரம் அடைபட்டால் நரம்பு பாதிக்கப்பட்டு இறந்துபோகும். குளிரில் பாம்பு மெல்ல மெல்ல நோயுறுகிறது. சூட்டிலோ ஒரு பிற்பகலுக்குள் செத்துவிடுகிறது. சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வைத்த கண்ணாடித் தொட்டிக்கு அந்தப் பிற்பகல்கூடத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் பழைய செட்டிநாட்டு வீடுகள் பெரிய வரம். தடித்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, காற்றை இழுத்துவிடும் முற்றம், காலுக்குக் குளுமையாக இருக்கும் ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் ஆகியவற்றால், இரண்டாம் கட்டில் வெயில் படாத உள்ளறை ஒன்று நடுப்பகலிலும் வெளியைவிடப் பல டிகிரி குறைவாகவே இருக்கும். தொட்டியை மேசை மீது வைக்காமல் தரையோடு ஒட்டிய தாழ்வான பலகையில் வைத்தால் இன்னும் ஓரிரு டிகிரி குறையும். அதே ஊரில் புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டின் மாடி அறையோ, பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் கக்கிக்கொண்டிருக்கும். அந்த அறைதான் பெரும்பாலும் இளைஞர்களுக்குக் கிடைக்கிறது என்பது வருத்தத்துக்கு உரியது. அங்கே குளிர்சாதன வசதி இல்லாவிட்டால் எந்தப் போவாவையும் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே, பாம்பை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உச்ச அளவையும் தாழ்ந்த அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் கோடை முழுவதும் வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் பகல் உச்சம் 31, 32 டிகிரியைத் தாண்டுவதில்லை என்றால் நீங்கள் தேர்ந்தெடுக்கப் பல இனங்கள் உண்டு. 35 டிகிரியைத் தொடுகிறது என்றால், முதலில் இடத்தை மாற்றுங்கள்; பாம்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். மாதம் ஒருமுறை காலை முதல் மாலை வரை வரும் பராமரிப்பு மின்தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் மின்விசிறியை ஓட்டும், ஏசியை ஓட்டாது. அத்தகைய நாட்களில், உறைந்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறமாகக் குளிர்ந்த மூலையை ஒட்டி வைப்பது கைகொடுக்கும்.

சூடாக்கும் கருவியே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மார்கழி, தை மாதத்து இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போதும், ஐப்பசி கார்த்திகையின் அடைமழை நாட்களிலும், தின்ற இரையைச் செரிக்கப் போவாவுக்குச் சூடு வேண்டும். தொட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும், அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஹீட் மேட் என்னும் சூடேற்றும் விரிப்பை வைத்து, அதை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைப்பது போதுமானது. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலும் மண்ணுக்குள் புதையும் இனங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை: மேலே மண்ணைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் புதைந்து கண்ணாடியின் மீதே படுத்திருக்கும் பாம்பின் வயிறு வெந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மண்ணின் மேற்பரப்பில் வைக்காமல், பாம்பு எங்கே போய்ப் படுக்குமோ அந்த ஆழத்தில் வைக்க வேண்டும்.

எந்த இனம்?

இவ்வளவையும் மனத்தில் கொண்டு பார்த்தால், நம் பகுதியில் முதல் போவாவாக நான் பரிந்துரைப்பது கென்ய மண்ணுளியைத்தான். எகிப்திலிருந்து தான்சானியா வரை ஆப்பிரிக்காவின் வறண்ட கிழக்குப் பகுதியில் வாழும் இது நம் மண்ணுளியின் பங்காளி இனம். ஆனால் நம் நாட்டைச் சேர்ந்ததில்லை என்பதால் பதிவு செய்து வளர்க்கலாம். பெண் 60 முதல் 80 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் அரை மீட்டரைத் தாண்டுவது அரிது. சூடான மூலை 33 டிகிரியை ஒட்டியும் குளிர்ந்த மூலை 26, 27 டிகிரியிலும் இருந்தால் போதும். சில நாட்கள் குளிர்ந்த மூலை 29 டிகிரிக்கு ஏறினாலும் ஆழத்தில் புதைந்து சமாளித்துக்கொள்ளும். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தொட்டி ஆயுள் முழுவதற்கும் போதுமானது. மரம் ஏறாது என்பதால் உயரம் தேவையில்லை. தரையில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, பிசின் வாடை இல்லாத மரச்சீவலையோ நன்கு உலர்த்திய தேங்காய் நார்த்தூளையோ பரப்ப வேண்டும். பைன், தேவதாரு மரங்களின் சீவல் அதன் மூச்சுக்குழலுக்குக் கேடு.

இதன் நடத்தையைக் கிட்டே இருந்து பார்ப்பவர்கள் அதில் ஈடுபாடு கொள்ளாமல் இருக்க முடியாது. தொட்டியில் முதல் பார்வைக்கு எதுவுமே இருக்காது. உற்றுப் பார்த்தால், சீவலின் நடுவே இரண்டு சிறு கருமணிகள் தெரியும்; அவை கண்கள். தலையின் மேற்பக்கமாக அமைந்த அந்தக் கண்களும் மூக்குத் துளைகளும் மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் புதைந்திருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்த கணத்தில் தலை பக்கவாட்டில் வெடித்துக் கிளம்பும். அந்த வேகம், அதுவரை அசையாமல் கிடந்த உயிரிடமிருந்து யாரும் எதிர்பார்க்காதது. பிறகு இரையோடு மீண்டும் மண்ணுக்குள் இறங்கிவிடும். குறை என்று சொன்னால் இதையேதான் சொல்ல வேண்டும்: நாளெல்லாம் பாம்பைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்புபவருக்கு இது ஏமாற்றம் தரும். இரண்டாவது குறை, வளர்ந்த ஆண்கள் சில மாதங்கள் உணவை அடியோடு மறுத்துவிடும். எடை குறையாத வரை அதில் தீங்கில்லை என்றாலும், புதியவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே, முதல் பாம்பாகப் பெண்ணை வாங்குவதே மேல். நன்றாகத் தின்னும், உடலும் உறுதியாக இருக்கும்.

போவா என்றதும் பலர் மனத்தில் எழும் உருவம், முதுகில் சேணம் போன்ற பழுப்புப் பட்டைகளும் சிவந்த வாலும் கொண்ட பெரிய பாம்பு. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதன் மத்திய அமெரிக்க இனமான போவா இம்பரேட்டர். மெக்சிகோ முதல் கொலம்பியா வரை வாழ்வது. குணத்தில் நிதானமானது, கையாளப் பழகியது, வெளியில் வந்து நடமாடுவது. கென்ய மண்ணுளியைவிட உறவாடத் தகுந்தது என்று விரும்புபவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு முழக் குட்டியாக வீட்டுக்கு வரும் பெண், சில ஆண்டுகளில் 1.8 முதல் 2.4 மீட்டர் வரை வளர்ந்து, தூக்கவே ஒருவர் கைகள் போதாத கனத்தை அடையும். அதற்கு ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் நீளமும் 60 முதல் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள, ஏறுவதற்குக் கனத்த கிளை பொருத்திய கூண்டு வேண்டும். கூண்டு பெரிதாகும்போது கோடையில் அதைக் குளிர்விப்பதும் கடினமாகும். இரண்டு மீட்டரைத் தாண்டிய பாம்பைத் தனியாக இருக்கும்போது கையாளக் கூடாது என்பது வளர்ப்பவர்கள் மீறாத ஒழுங்கு. ஆயுளோ 20 முதல் 30 ஆண்டுகள். அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக்காட்சிசாலையில் வாழ்ந்த ஒரு போவா 40 ஆண்டுகளைக் கடந்து 1977ஆம் ஆண்டில் இறந்தது. இருபது வயதில் வாங்குபவர் படிப்புக்காகச் சென்னைக்கும் வேலைக்காகச் சிங்கப்பூருக்கும் போன பிறகு, ஊரில் அப்பத்தாவும் ஐயாவும் மட்டும் இருக்கும் பெரிய வீட்டில் அந்தப் பாம்பை யார் பார்த்துக்கொள்வது? செட்டிநாட்டின் பாதி வீடுகளுக்குப் பொருந்தும் கேள்வி இது. பதில் தெரிந்தவர், ஓரிரு ஆண்டுகள் சிறிய இனத்தை வளர்த்துக் கைப்பழக்கம் பெற்ற பின் இம்பரேட்டரின் ஆணை வாங்கலாம். அது பெண்ணைவிடக் கணிசமாகச் சிறியது.

அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் வாழும் ரோசி போவா, குணத்தால் புதியவருக்கு மிகப் பொருத்தமானது. 60 முதல் 90 சென்டிமீட்டர் நீளம், மெதுவான நடை, கடிக்கும் வழக்கம் மிகக் குறைவு. ஆனால் அதற்கு உலர்ந்த காற்றும் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும் குளிர்ந்த மூலையும் வேண்டும். ஏசி அறையில் மட்டுமே அது இங்கு சுகமாக வாழும். ரப்பர் போவா குளிர்ந்த மலைக்காடுகளின் உயிர். நம் ஊருக்கு அதை நினைக்கவே வேண்டாம். வானவில் போவாவுக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதமும் 30 டிகிரியைத் தாண்டாத சூடும் ஒருசேர வேண்டும். நம் கோடையில் இரண்டையும் கூட்டுவது அனுபவசாலிக்கே சோதனை. பச்சை மரப் போவா நீண்ட பற்களும் எளிதில் கெடும் செரிமானமும் கொண்டது. பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். மடகாஸ்கரின் டூமெரில் போவா, சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருப்பது. அதை எளிதில் தருகிறேன் என்பவரை ஐயுறுங்கள்.

எலியும் வீட்டாரும்

எந்தப் போவாவானாலும் உணவு எலிதான். அதுவும் முழு எலி. கோழிக்கறித் துண்டு போட்டு வளர்க்கலாம் என்பது தவறு, ஏனெனில் எலும்பும் ஈரலும் சேர்ந்த முழு உடலில்தான் பாம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் உயிர்ச்சத்தும் இருக்கின்றன. வயலில் பிடித்த எலியையும் வீட்டுப் பொறியில் விழுந்த எலியையும் போடவே கூடாது. அது எலி மருந்து தின்றிருக்கலாம், புழுக்களைச் சுமந்திருக்கலாம். வளர்ப்பு எலியைக் கொன்று உறைய வைத்ததே பாதுகாப்பானது, ஏனெனில் உயிருள்ள எலி திருப்பிக் கடித்துப் பாம்பின் கண்ணையும் முதுகையும் புண்ணாக்கிவிடும். உறைந்த எலியை இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, பிறகு பைக்குள் வைத்து வெந்நீரில் இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும். எலியின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனை மிஞ்சக் கூடாது. குட்டிக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறையும், வளர்ந்த கென்ய மண்ணுளிக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்த இம்பரேட்டருக்கு மாதத்துக்கு ஒருமுறையும் போதுமானது. நம் விருந்தோம்பல் குணம் இங்கே கேடு செய்கிறது. கேட்காமலே இலையில் வைப்பது போல வாரந்தோறும் ஊட்டிக் கொழுக்க வைத்த போவாக்கள் ஈரல் கெட்டு இளமையிலேயே இறக்கின்றன.

அந்த எலிகளை எங்கே வைப்பது என்பதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சமையலறைக் குளிர்ப்பெட்டியில் எலி வைக்க எந்த ஆச்சியும் ஒப்ப மாட்டார், ஒப்பவும் கூடாது. சிறிய தனிப்பெட்டி ஒன்று அவசியம். ஊர்வனவற்றின் தோலிலும் கழிவிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், பாம்பையோ தொட்டியையோ தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடக் கூடாது. வீட்டில் ஒருவர் மனதார அஞ்சினாலும் வாங்குவதை ஒத்திப்போடுங்கள். பூட்டுள்ள மூடியோடு கூடிய தொட்டி, அஞ்சுபவருக்கு நீங்கள் தர வேண்டிய குறைந்தபட்ச உறுதி. போவாக்கள் நெம்பித் திறப்பதில் வல்லவை.

பாம்பைப் பார்த்து எடுக்கும் நாள்

வளர்ப்பில் பிறந்த குட்டியையே வாங்குங்கள். காட்டில் பிடித்ததன் உடலில் ஒட்டுண்ணிகளும், மனத்தில் அச்சமும் நிறைந்திருக்கும். பிறந்த உடனே விற்பதை வாங்காமல், தானாக ஐந்தாறு முறையேனும் இரை தின்றதை, தின்ற தேதிகளோடு விற்பவர் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் கண்முன் தின்பதைப் பாருங்கள். கையில் எடுத்தால் உடல் உருண்டையாக, தசைப்பிடிப்போடு இருக்க வேண்டும். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருப்பது பட்டினியின் அறிகுறி. வாயோரத்தில் நுரையோ குமிழோ இருந்தால், மூச்சுவிடும்போது சத்தம் கேட்டால் நுரையீரல் கெட்டிருக்கிறது. தாடையின் அடியிலும் கண்ணின் விளிம்பிலும் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகள் நகர்ந்தால் அவை உண்ணிகள். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் தெரியும். கழிவுத்துளை உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும்.

போவாக்களையும் மலைப்பாம்புகளையும் தாக்கும் கொடிய நோய் ஒன்றை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அரினா வகை வைரசுகளால் வருவது என்று 2012ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ள அந்த உட்பொருள் நோய்க்கு (inclusion body disease) மருந்து இல்லை. தொற்றிய போவா நெடுநாள் நலமாகத் தோன்றும். பிறகு தின்றதைக் கக்கும், தலையை வானத்தை நோக்கித் திருப்பியபடி நிலைதடுமாறும், புரட்டிப் போட்டால் நிமிர முடியாமல் தவிக்கும். இத்தகைய பாம்பு ஒன்று கடையில் இருந்தால், அங்கே நலமாகத் தெரியும் மற்றப் போவாக்களையும் வாங்கக் கூடாது. இதனால்தான் ஒரு தொட்டியில் ஒன்றுக்கு மேல் வைப்பதும் தவறு. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் வேறொரு சிக்கலும் உண்டு: ஒரே ஈற்றில் பத்து இருபது குட்டிகள் பிறந்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்து ஒவ்வொன்றுக்கும் வீடு தேட வேண்டிவரும். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் மதுரையிலோ திருச்சியிலோ யார் இருக்கிறார் என்பதை, பாம்பு நலமாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேவை வந்த இரவில் தேடினால் கிடைக்காது.

வாங்குவதற்கு ஏற்ற காலம் என்று கேட்டால், ஆவணி முதல் மாசி வரை என்பேன். பங்குனிக்குப் பிறகு வாங்கினால், பாம்பு புது இடத்துக்குப் பழகுவதும் வெக்கை ஏறுவதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்து, தின்ன மறுப்பது எதனால் என்றே உங்களுக்குப் புரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஏழு நாட்கள் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் தொட்டியைத் திறக்க வேண்டாம். உறவினர்களுக்குக் காட்டுவதற்காகத் தோண்டி எடுக்கவும் வேண்டாம். எட்டாம் நாள் மாலை, விளக்கை அணைத்துவிட்டு, விற்பவர் கொடுத்துவந்த எலியைவிடச் சற்றுச் சிறியதைக் கொடுங்கள். தின்றால் அடுத்த 48 மணி நேரம் கையில் எடுக்காதீர்கள். மறுத்தால் அந்த எலியை எடுத்து எறிந்துவிட்டு இன்னொரு வாரம் பொறுத்திருங்கள். தின்ற பின் கக்கிவிட்டால், மறுநாளே மீண்டும் ஊட்ட முயலாமல் இரண்டு மூலைகளின் வெப்பத்தையும் அளந்து சரிசெய்து, 14 நாட்கள் கழித்துப் பாதி அளவுள்ள எலியைக் கொடுங்கள். மறுபடியும் கக்கினால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.